நான்காவது கம்பி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய், ஆவி எதையும் நம்புகிற ஆள் இல்லை. குன்னூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அணைத்து வைத்த போன் தானாகப் பாடுகிறது, யாரும் தொடாமலே யாரையோ கூப்பிடுகிறது என்று முகம் வெளுத்துப்போய் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பின்பக்கத்தைக் கழற்றினால் உள்ளே களிம்பு பிடித்திருக்கும், துடைத்துக் கொடுத்தால் பேய் போய்விடும். இந்த மலையில் ஈரம்தானுங்க பேய் என்று அவர்களைக் கேலி செய்து அனுப்புவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது கடைசிவரை கேளுங்கள். கேட்டுவிட்டு நம்பாமல் போனால் எனக்கு வருத்தமில்லை, பாதி நாள் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

எங்கள் வீடு கேத்தியில், கேரட் காட்டுக்கு மேலே இருக்கிறது. கீழே அண்ணன் செந்தில், அண்ணி கோமதி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் யாழினி. மாடியில் ஒற்றை அறையில் நான், இன்னும் கல்யாணம் ஆகாதவன். அண்ணி பக்கத்து அங்கன்வாடியில் டீச்சர். அண்ணன் மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகள் எந்தப் பாட்டைக் கேட்டாலும் வாசிக்க வேண்டும், அதுதான் வேலை. கூட்டம் இல்லாத நாளில் லீவு போட்டுவிட்டு, கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு, பைக்கில் கல்லட்டி மலைப்பாதை ஏறி வீட்டுக்கு வந்துவிடுவான்.

வந்தால் சும்மா இருக்கமாட்டான். வீட்டில் அவனுடைய பழைய கிதார் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக் கம்பிகளைக் கலைக்க ஆரம்பித்துவிடுவான். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பின்னால் நடந்தது எல்லாம் இதில்தான் இருக்கிறது. கிதாரில் ஆறு கம்பி. ஒவ்வொன்றின் சுருதிக்கும் ஆங்கில எழுத்துதான் பெயர். ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற வரிசையில்தான் ஊரே சுருதி கூட்டும். அண்ணனுக்கு அந்த வரிசை பிடிக்காது. சில கம்பிகளை இறக்கி, சிலதை ஏற்றி, விரலால் எதையும் அழுத்தாமல் வெறுமனே தடவினாலே ஆறும் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும்படி செய்வான். ஓப்பன் டியூனிங் என்பார்கள். அவனுக்கு ரொம்பப் பிடித்தது டி, ஏ, டி, ஜி, ஏ, டி. அதில் சந்தோஷமும் இருக்காது, துக்கமும் இருக்காது, எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அதில் நான்காவது கம்பியை மட்டும் ஜியிலிருந்து அரைப்படி, அதாவது ஒரே ஒரு சின்னப் படி இறக்கி, ஜிக்கும் எஃப்புக்கும் நடுவில் இருக்கும் எஃப் ஷார்ப்பில் வைத்தால் மொத்தக் கிதாரும் கல்யாண வீடாகிவிடும். இன்னும் அரைப்படி இறக்கி எஃப்பில் வைத்தால் அழ ஆரம்பித்துவிடும். மற்ற ஐந்து கம்பியும் அப்படியேதான் இருக்கும், நான்காவது கம்பி மட்டும்தான் வித்தியாசம். புத்தகத்தில் கீழிருந்து எண்ணி அதை மூன்றாவது என்று போட்டிருக்கும், நாங்கள் மேலிருந்து எண்ணிப் பழகியவர்கள், எங்களுக்கு அது நான்காவதுதான்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கம்பியை எந்தச் சுருதிக்குக் கொண்டுபோக வேண்டுமானாலும் நேராக அங்கே போய் நிறுத்தமாட்டான். முதலில் அதைவிட அரைப்படி கீழே இறக்கிவிடுவான், பிறகுதான் மேலே ஏற்றி நிறுத்துவான். சரியாக இருக்கிற கம்பியைக்கூட ஒரு முறை இறக்கி ஏற்றாமல் விடமாட்டான். எதற்கு இந்த வெட்டி வேலை என்று நான் கேட்டால், "மேல இருந்து இறக்கி உட்டா வழுக்கீரும்டா மணி. கீழ போயிட்டு ஏறி வந்தாத்தான் நிக்கும்" என்பான். கிதார் வாசிக்கிறவர்கள் பலரும் செய்வதுதான், ஆனால் முழுசாக அரைப்படி இறங்கிவிட்டு வருகிற ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

போன ஆடியில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கடையில் இருந்தபோது அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. புதிதாக ஒரு டியூனிங் கண்டுபிடித்தால் ஒருமுறை தடவி எனக்கு அனுப்புவது அவன் வழக்கம். "டேய், ஜிய எறக்கி ஈல வெச்சுப் பாத்தேன். கேட்டுப்பாரு, கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தடவியிருந்தான். நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, அந்த எழுத்துகளை எழுதிப் பார்த்தேன். டி, ஏ, டி, ஈ, ஏ, டி. முதல் மூன்று எழுத்தைப் படித்தால் டாட், அப்பா. மூன்றாவது எழுத்திலிருந்து கடைசிவரை படித்தால் டெட், செத்துப்போனவர். நடுவில் இருக்கும் டியை இரண்டு வார்த்தையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதை அப்படியே டைப் செய்து, "யாழினி எழுத்துக்கூட்டிப் படிச்சா அழுவா, மொதல்ல மாத்துண்ணா" என்று அனுப்பினேன். கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. பிறகு, "சரிடா, மாத்தீர்றேன்" என்று வந்தது.

அவனிடமிருந்து வந்த கடைசிச் செய்தி அதுதான். ரிசார்ட்டில் அன்று விருந்தாளிகளே இல்லை என்று சாயங்காலத்துக்கு முன்பே கிளம்பிவிட்டானாம். வீடு வந்து சேரவில்லை. மறுநாள் கல்லட்டிப் பாதையில் பைக் கிடைத்தது. விழுந்து கிடக்கவில்லை, ஓரமாக ஸ்டாண்டு போட்டு நின்றது, ஹெல்மெட் பைக்கின் பக்கக் கண்ணாடியில் மாட்டியிருந்தது. சறுக்கி விழுந்திருந்தால் பைக் நின்றிருக்காது, யானை துரத்தியிருந்தால் ஸ்டாண்டு போட நேரம் இருந்திருக்காது. காட்டிலாகா ஆட்கள் தேடினார்கள், போலீஸ் தேடியது, வெள்ளம் வடிந்ததும் பாதைக்குக் கீழே ஓடும் ஓடையில் இறங்கி நாங்களும் தேடினோம். ஆளும் இல்லை, அவன் முதுகில் இருந்த கிதாரும் இல்லை, ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அந்த எழுத்துகளைப் பார்த்ததும் எஸ்.ஐ. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதென்னப்பா, ரகசியக் குறியா? வாழ்க்கை வெறுத்துப்போயி ஏதாச்சும் எழுதுனாரா?" என்று கேட்டார். அது கிதாரின் சுருதி என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் நான் தவித்துப்போனேன். அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு எழுத்தையும், நான் செய்த கேலியையும், மாற்றிவிடுகிறேன் என்று அவன் சொன்னதையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாத்தீருப்பாங்களா தம்பி?"

"மாத்தீருப்பான் அண்ணி" என்றேன். எந்த எழுத்துக்கு மாற்றியிருப்பான் என்று எனக்கென்ன தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாகவே இல்லை. அண்ணி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, அவனைப் பற்றிப் பேசும்போது 'சாப்பிடுவாங்க', 'வருவாங்க' என்றுதான் சொல்வார், ஒரு நாளும் 'சாப்பிட்டாங்க' என்று சொன்னதில்லை. நானும் பார்த்துப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டேன். இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துவிட்டால் அழவாவது முடியும், அதற்கும் வழியில்லாமல் மூன்று பேரும் சாப்பிட்டோம், தூங்கினோம், எழுந்தோம்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. கடை லீவு. காலையிலிருந்தே கரண்ட் இல்லை, எங்கோ மரம் விழுந்துவிட்டதாம். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். பனிமூட்டம் கதவு வரைக்கும் வந்து நின்றது, வெளியே கேரட் காடு இருக்கிற அடையாளமே தெரியவில்லை, மேலே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி கீழே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். யாழினி குப்புறப் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் ஜன்னலோரத்தில் எமர்ஜென்சி லைட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனின் பழைய கிதார் மூலையில் அதன் ஸ்டாண்டில் நின்றது. வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அதை ஊர் வரிசைக்கே மாற்றி வைத்துவிட்டுப் போவான், அவன் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அதன் தலையில் ட்யூனர் மாட்டியிருந்தது. ட்யூனர் என்றால் துணி காயப்போடும் கிளிப் அளவுக்கு ஒரு சின்னப் பொருள், கிதாரின் தலையைக் கவ்விக்கொண்டிருக்கும். அதற்குக் காது கிடையாது. மரத்தில் ஏறி வருகிற அதிர்வை வைத்துத்தான் கம்பி எந்தச் சுருதியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த எழுத்தைக் காட்டும். சுருதி சேர்ந்தால் பச்சையாக எரியும், சேராவிட்டால் சிவப்பு.

"சித்தப்பா, இது எரியுது" என்றாள் யாழினி.

திரும்பிப் பார்த்தேன். ட்யூனரில் சிவப்பாக ஈ என்று இருந்தது. நீ அமுக்கினாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். சரி, பொத்தானில் ஈரம் இறங்கியிருக்கும், நம் பழைய பேய்தான் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய லாரி போனாலே இந்தமாதிரிக் கருவிகள் ஏதாவது ஓர் எழுத்தைக் காட்டும். ஆனால் அன்று மரம் விழுந்ததால் ரோட்டில் ஒரு வண்டியும் ஓடவில்லை, கரண்ட் இல்லாததால் ஃப்ரிட்ஜும் ஓடவில்லை. இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது நான் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மாறுது சித்தப்பா."

ஈ இறங்கிக்கொண்டே வந்தது. டி ஷார்ப் ஆனது, டி ஆனது, டியையும் தாண்டி சி ஷார்ப் என்று காட்டியது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறி டியில் வந்து நின்று பச்சையாக எரிந்தது.

என் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்துவிட்டது. நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயமே வரவில்லை. பழக்கப்பட்ட செருப்புச் சத்தத்தை வாசலில் கேட்டால் வருமே ஒரு நிம்மதி, அதுதான் வந்தது. அரைப்படி இறங்கிவிட்டு ஏறி வருகிற ஆளை எனக்குத் தெரியும்.

அடுத்து ஏ எழுத்து வந்தது. அந்தக் கம்பி சரியாகத்தான் இருந்தது, இருந்தும் ஜி ஷார்ப்புக்கு இறங்கிவிட்டு ஏறிவந்து பச்சையானது. அதற்கடுத்து டி. அதுவும் அதேபோல இறங்கி, ஏறி, பச்சை. அந்த நேரம் பார்த்து மழை கொஞ்சம் குறைந்தது. நான் காதால் கேட்டேன். கட்டைவிரலால் மெல்லத் தட்டுகிற சத்தம், டொங், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டொங். கம்பியின் பக்கத்தில் யாரும் இல்லை. கம்பியை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணி திரும்பியதா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது, நான் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றியது, தன் கண்ணால் பார்த்தேன் என்று யாழினி இன்றைக்கும் சொல்கிறாள்.

அவள் எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். "டி, ஏ, டி. டாட்! அம்மா, டாட்டுன்னு வருதும்மா!"

பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. அண்ணி எழுந்து வந்து என் பின்னால் நின்றார். அவருக்குக் கிதார் தெரியாது, ஆனால் அந்த எழுத்து வரிசை தெரியும், போலீஸ் ஸ்டேஷனில் மனப்பாடம் ஆகியிருந்தது. முதல் மூன்று எழுத்து வந்துவிட்டது. அடுத்த எழுத்து என்ன என்பதில்தான் எல்லாம் இருந்தது.

நான்காவது கம்பி. ஜி என்று காட்டியது. இறங்க ஆரம்பித்தது. எஃப் ஷார்ப் வந்தது. ஜியில் நிறுத்துவதாக இருந்தால் அவன் இங்கேயே திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை, எஃப் ஷார்ப்பையும் தாண்டி எஃப்புக்கு வந்துவிட்டது. எஃப்பில் நின்றது.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு நன்றாகப் புரிய வேண்டும். எஃப்பில் இருந்து ஏறினால் எஃப் ஷார்ப், கல்யாண வீடு. அவன் எப்போதும் செய்கிறமாதிரி அரைப்படி இறங்கிவிட்டு ஏறுகிறான், மாற்றிவிடுகிறேன் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறான் என்று அர்த்தம். எஃப்பில் இருந்து இறங்கினால் அடுத்தது ஈ. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும், யாழினி சத்தமாக எழுத்துக்கூட்டியும் சொல்லிவிடுவாள்.

மற்ற கம்பிகளில் இவ்வளவு நேரம் நிற்கவில்லை. இதில் நின்றுகொண்டே இருந்தது. மழையும் சுத்தமாக நின்றுபோயிருந்தது. டொங் என்று ஒரு தட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு, யோசிக்கிற மாதிரி. அண்ணன் யோசிக்கும்போது அப்படித்தான் தட்டிக்கொண்டிருப்பான்.

"அப்புறம் என்ன எழுத்து சித்தப்பா?" என்றாள் யாழினி.

எஃப் லேசாக நடுங்கியது. அசையப் போகிறது என்று தெரிந்தது. நான் எழுந்தேன்.

"எடுக்காதீங்க தம்பி" என்றார் அண்ணி. சத்தம் போடவில்லை, கெஞ்சினார். "என்ன வந்தாலும் பரவால்லீங்க. தெரிஞ்சுக்கறேன். எடுக்காதீங்க."

எடுத்துவிட்டேன். கை தானாகப் போய்விட்டது. ட்யூனரைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. யாழினி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் அழ ஆரம்பித்தாள். நான் கையைத் திறந்தபோது ட்யூனர் அணைந்திருந்தது.

கட்டைவிரலால் கம்பிகளைத் தடவிப் பார்த்தேன். முதல் மூன்றும் டி, ஏ, டி. நான்காவது எஃப். கடைசி இரண்டும் தொடப்படாமல் பழைய சுருதியிலேயே இருந்தன. யாரோ சுருதி கூட்டிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்கள் என்று பாதியில் எழுந்து போன மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே உட்கார்ந்து மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்ச நேரம் உட்டிருக்கலாமுங்க" என்றார், அவ்வளவுதான்.

மறுநாளே ட்யூனரைத் தன் கையாலேயே கிதாரில் மாட்டினார். எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அங்கன்வாடியில் இருந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார், பனிமூட்டம் இருந்தாலும் உட்காருவார், வெயில் இருந்தாலும் உட்காருவார். ஓர் எழுத்தும் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் அது தானாக அணைந்துவிடும், மறுபடி போடுவார், மறுபடி அணையும். அதைப் பார்த்துக்கொண்டு மாடிப்படியில் நிற்பதைவிடக் கொடுமை எனக்கு வேறு இல்லை. நானும் அந்த ட்யூனரைக் கழற்றி, கடைக்குக் கொண்டுபோய், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். களிம்பு இல்லை, ஈரம் இல்லை. புதுசு மாதிரி இருந்தது.

இது மட்டும் என்றால் நானும் ஏதாவது காரணம் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கிதாரைப் பழைய சுருதிக்குக் கொண்டுவந்துவிட்டால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று நினைத்து, ஒருநாள் ஆறு கம்பியையும் சரி செய்து வைத்தேன். மறுநாள் தடவினால் மற்ற ஐந்தும் வைத்த இடத்தில் இருந்தன, நான்காவது மட்டும் எஃப்புக்கு வந்திருந்தது. முறுக்காணி வழுக்குகிறது என்று கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ப் புது முறுக்காணி போட்டேன், புதுக் கம்பியும் போட்டேன். கடைக்காரர், "குளிருக்கும் ஈரத்துக்கும் கம்பி எறங்கத்தானுங்க செய்யும்" என்றார். எனக்குத் தெரியாதா, அதே ஈரத்தை வைத்துத்தான் நானும் பிழைக்கிறேன். ஆனால் ஈரம் ஒரு கம்பியை மட்டும் இறக்குமா? இறக்கினாலும் தினமும் சரியாக எஃப்பில் கொண்டுவந்து நிறுத்துமா? ஜியில் வைத்தாலும் வந்துவிடும். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, வருவது வரட்டும் என்று நானே ஈக்கு இறக்கி வைத்துவிட்டு மாடிக்கு ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் எஃப்புக்கு ஏறியிருந்தது. இறங்குவதற்கு வேண்டுமானால் ஈரத்தைக் காரணம் சொல்லலாம், ஏறியதற்கு இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இப்போது மறுபடி ஆடி வரப்போகிறது. அண்ணியின் அண்ணன் மேட்டுப்பாளையத்தில் இருந்து வந்திருந்தார். நல்ல மனுஷன்தான், தங்கச்சி இப்படி இருப்பதைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. "வருசம் ஆகப்போகுது கோமதி. வர்ற அமாவாசைக்குக் காரியத்தப் பண்ணீட்டு, புள்ளையக் கூட்டிக்கிட்டு நம்ம ஊட்டுக்கு வந்துரு. எத்தன நாளைக்கு இப்பிடி நிப்பே?" என்றார்.

அண்ணி மூலையில் இருந்த கிதாரைப் பார்த்தார். "அதுவும் நின்னுக்கிட்டுதானுங்கண்ணா இருக்குது" என்றார். "அது எந்தப் பக்கம் போகுதோ, அன்னைக்கு நானும் போறேன்."

அண்ணியின் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டார். இல்லைங்க, நானும்தான் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வேன்.

அதனால் தினமும் விளக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை நடக்கிறது எங்கள் வீட்டில். அண்ணி போய்க் கட்டைவிரலால் கம்பிகளை ஒருமுறை தடவுவார். அவருக்குச் சுருதி பிடிபடாது, என் முகத்தைப் பார்ப்பார். ட்யூனரை இப்போதெல்லாம் யாரும் போடுவதில்லை, என் காதே போதும்.

"அதேதானுங்களா தம்பி?"

"அதேதாங்க அண்ணி."

உடனே திரும்பிப்போய் விளக்கை ஏற்றுவார், நெற்றியில் குங்குமத்தைச் சரி செய்துகொள்வார், இராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைவார். அந்த ஒரு வார்த்தையில்தான் மறுநாள் வரைக்கும் ஓடுகிறது அந்த வீடு.

நேற்றும் தடவினார், நேற்றும் கேட்டார். நானும் அதேதான் என்றேன். ஆனால் அது அதே இல்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக எஃப்பைவிட ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. ஈயை நோக்கித்தான் போகிறது, இன்னும் கிட்டத்தட்ட அரைப்படி போக வேண்டும். மாடிக்கு வந்து வெகுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஈக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டால் அண்ணியின் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன் என்று நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் மறுபடி மறுபடி எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், உங்களிடமும் அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் அண்ணன் எந்தக் கம்பியையும் இறக்காமல் ஏற்றினதே இல்லை.